பிரேதப் பரிசோதனை மருத்துவராக விரும்பும் பிள்ளை

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகளோ மகனோ, “நான் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவராகப் போகிறேன்” என்று கூறினால் பெற்றோர் பலர் திடுக்கிடுகின்றனர். அச்சொல்லை வீட்டில் உச்சரிப்பதே அமங்கலம் என்பர் சிலர். இப்பெண்ணை யார் மணப்பார்கள் என்று கவலைப்படுவர் வேறு சிலர். மனநோயாக இருக்குமோ என்று ஐயுற்று, தம் இதய நோய்க்காகப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த இடத்தில் தயங்கித் தயங்கி வினவுவோரும் உண்டு. இதய நோய் மருத்துவர் என்ற முறையில் என் கருத்து இதுவே: அவ்விருப்பத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அதனை ஏளனம் செய்யவும் வேண்டா. அத்துறையினரின் உழைப்பால் பயன்பெறுவோர் உயிரோடிருக்கும் நாமே.

எடுத்துக்காட்டாக, இருபது வயது இளைஞர் ஒருவர் விளையாட்டுத் திடலில் திடீரென வீழ்ந்து இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். ஊரார் அதனை மாரடைப்பு என்று முடிவு செய்துவிடுவர். பிரேதப் பரிசோதனையிலோ, இதயத்தின் இடக் கீழறைத் தசை இயல்புக்கு மீறித் தடித்திருப்பது தெரியவருகிறது. இது பெரும்பாலும் மரபுவழி வரும் நோய். பெற்றோருள் ஒருவருக்கு இதற்குக் காரணமான மரபணு மாற்றம் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாற்றம் வருவதற்கான வாய்ப்பு பொதுவாக இரண்டில் ஒன்று. ஆகவே அவ்வறிக்கையைக் கண்டதும் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அழைத்து ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளைச் செய்கிறோம். நோய் காணப்பட்டால் மாத்திரைகள், கடும் உடலுழைப்பு குறித்த அறிவுரை, தேவைப்படின் ஆபத்தான துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவி ஆகியவற்றால் இன்னொரு திடீர் மரணத்தைத் தடுக்க முயலலாம். அப்பரிசோதனை நடவாதிருந்தால், அவருடைய தங்கை எம்மிடம் வந்திருக்கவே மாட்டார்.

மருத்துவம் வளர்ந்ததும் இவ்வழியில்தான். இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் மோர்காக்னி, ஏறத்தாழ 700 பிரேதப் பரிசோதனைகளில் கண்டவற்றை அந்நோயாளிகளின் அறிகுறிகளோடு ஒப்பிட்டு 1761-இல் நூலாக வெளியிட்டார். நோய் எந்த உறுப்பில் தங்கியிருக்கிறது என்று தேடும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது.

ஆங்கிலத் தொடர்களைக் கண்டு ‘கரோனர்’ ஆக விரும்பும் பிள்ளைக்கு உண்மை நிலையையும் எடுத்துரைக்க வேண்டும். இங்கிலாந்தில் கரோனர் என்பவர் மரணத்தை விசாரிக்கும் அலுவலர்; உடலை ஆய்பவர் வேறொரு மருத்துவர். இந்தியாவில் மும்பையில் எஞ்சியிருந்த கரோனர் பதவியும் 1999-இல் நீக்கப்பட்டது. இங்கு ஐயத்திற்குரிய மரணங்களைக் காவல்துறையினரும், சிலவற்றை நடுவரோ கோட்டாட்சியரோ விசாரிப்பர். உடலை ஆய்ந்து அறிக்கை தருபவர் மருத்துவர். அதற்கான வழி நீட் தேர்வு, பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்பின் மூன்றாண்டு தடயவியல் மருத்துவ எம்.டி. ஆகும்.

பிணவறையின் வாடை, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை, குழந்தைகளின் உடலைக் காணும் துயரம் ஆகியவற்றைத் தொலைக்காட்சி முழுமையாகக் காட்டுவதில்லை. காயங்களுக்குச் சான்றளித்தல், வயதைக் கணித்தல், பாலியல் வன்முறைக்கு உள்ளானோரைப் பரிசோதித்தல் என உயிரோடிருப்போர்க்கான பணிகளும் இத்துறையில் உண்டு. இவையனைத்தையும் அறிந்தே பிள்ளை முடிவெடுக்கட்டும்.

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, “ஏன் இவ்விருப்பம்?” என்று அமைதியாகக் கேட்பது. சிலர் உயிரியல் ஆர்வத்தால் விரும்புவர். சிலரோ தாத்தாவோ தோழியோ எதனால் இறந்தார் என்பது விளங்காமல் விரும்புவர். அவ்வாறாயின், அந்த மரணத்தைப் பற்றி வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் பிள்ளையையும் அழைத்துச் சென்று விளக்கம் பெறுங்கள். உறக்கமின்மை, எவரோடும் பேசாது ஒதுங்குதல், தன்னைத் துன்புறுத்திக் கொள்ளும் பேச்சு ஆகியவை உடனிருந்தால் தாமதமின்றி மனநல மருத்துவரை நாடுங்கள். இவை எதுவும் இல்லையெனில், அவ்விருப்பம் மட்டுமே நோயாகாது.

பதினாறு வயதில் தோன்றும் விருப்பம் பலமுறை மாறக்கூடும். மாறாது நிலைத்தால், தடை சொல்லாது படிக்க வையுங்கள். காரணம் தெரியாத மரணத்தோடு வாழும் குடும்பங்களுக்கு அத்தகைய மருத்துவர் தேவைப்படுகிறார்.