வீட்டில் ஒரே லேப்டாப்... எந்த லினக்ஸ் போடலாம்?

பி.சி.ஏ சேர்ந்த முதல் மாதத்திலேயே, 'லினக்ஸ் போட்டுப் பழகிட்டு வாங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த லினக்ஸ் என்பதில்தான் குழப்பம். சீனியர் ஒன்று சொல்வார், யூடியூப் வேறொன்று சொல்லும், பக்கத்து பெஞ்ச் நண்பனோ 'மச்சான், காலி போடுடா. ஹேக்கிங் கத்துக்கலாம்' என்பான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அக்கா கல்யாண போட்டோக்களும் அப்பாவின் கடைக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன.

முதலில் அந்த 'காலி'யை ஒதுக்கிவிடலாம். அது நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று, அதை உருவாக்குபவர்களே தங்கள் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆர்ச் லினக்ஸும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வருடம் கழித்து ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல், தன் 21 வயதில் எழுதி வெளியிட்டது 'கர்னல்' என்ற மையப் பகுதியை மட்டும்தான். அதைச் சுற்றி டெஸ்க்டாப், பிரவுசர், ஆபீஸ் மென்பொருள் எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களைத்தான் 'டிஸ்ட்ரோ' என்கிறார்கள். மாவு ஒன்றுதான், தோசையா, ஊத்தப்பமா என்பது ஊற்றுகிறவர் கையில்.

முதல்முறை தொடுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட்தான் நல்ல தேர்வு. இடது கீழ்மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார் என விண்டோஸ் பழகிய கை தடுமாறாது. 2 ஜிபி ரேமிலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ரொம்பப் பழைய மெஷின் என்றால் மின்ட்டிலேயே 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலகுவான பதிப்பு இருக்கிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது என்பதால், உபுண்டுவுக்கு எழுதப்பட்ட பாடங்கள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். எதையாவது கெடுத்துவிட்டால் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப 'டைம்ஷிஃப்ட்' என்ற வசதியும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் கெடுக்கத்தானே செய்வார்!

கல்லூரி லேபில் உபுண்டு இருந்தால் வீட்டிலும் அதையே போடுவது வசதி. ஆனால், 'எல்டிஎஸ்' பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று அர்த்தம். அதற்கு ஐந்து வருடம் அப்டேட் கிடைக்கும். இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடனே இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' அல்லது 'எட்சர்' மூலம் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்யலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். லேப்டாப்பில் இருப்பவை அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடலாம்.

இன்ஸ்டால் செய்யும்போதுதான் கண்டம். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்றொரு வாய்ப்பு திரையில் வரும். அதை அழுத்தினால் விண்டோஸோடு கல்யாண போட்டோக்களும் போய்விடும். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியே செய்தாலும், முதல் நாளே போட்டோக்களையும் கணக்கையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். லேப்டாப்பில் 'பிட்லாக்கர்' போடப்பட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

அப்பா டேலி பயன்படுத்துகிறார் என்றால் விண்டோஸை அறவே எடுக்கக் கூடாது. டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத பழைய லேப்டாப் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. சித்தப்பா வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கேட்டு வாங்கி, அதில் உள்ளதை அவருக்கு நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, முழுக்க அழித்தே மின்ட் போடலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி மாற்றினால் வேகமும் கூடும். அக்கா போட்டோக்கள் இருக்கும் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.