படத்தில் வீடு இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். "எந்தப் படத்துக்குப் போகலாம்?" என்று வீட்டில் பேச்சு கிளம்பி விடும்.

தாத்தாவுக்கு ஒரு படம் பிடிக்கும். பேரனுக்கு வேறு படம் பிடிக்கும். அம்மாவுக்கு எந்தப் படமானாலும் சரிதான். இரண்டரை மணி நேரம் அடுப்படியை மறந்து உட்கார்ந்தால் போதும்!

ஆனால், சினிமாவுக்குப் போவது இப்போது சின்னச் செலவு அல்ல. நகரத்துத் தியேட்டருக்கு ஐந்து பேர் போனால், டிக்கெட்டுக்கே ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகி விடுகிறது. இடைவேளையில் குழந்தை சோளப்பொரி கேட்கும். அது தனிக் கணக்கு!

இவ்வளவு செலவு செய்து பார்க்கும் படம், வீடு திரும்பிய பிறகும் மனதில் நிற்க வேண்டாமா?

நான் சினிமா நிபுணன் அல்ல. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கிறவன். 2023-ம் ஆண்டு முதல் 2025-ம் ஆண்டு வரை வந்த தமிழ்ப் படங்களில் பலவற்றைப் பார்த்தேன். எனக்கு ஒன்று பட்டது. அதை இங்கே சொல்கிறேன்.

எந்தப் படத்துக்குள் ஒரு வீடு இருக்கிறதோ, அந்தப் படம்தான் நம்மோடு வீட்டுக்கு வருகிறது.

வீடு என்றால் செங்கல்லும் சிமெண்டும் மட்டும் அல்ல. வாடகை, கடன், கல்யாணச் செலவு, மாமியார் கோபம், அண்ணன்-தம்பி வருத்தம், பிறகு ஒரு சமாதானம். இவ்வளவும் சேர்ந்ததுதான் வீடு.

ஒரு காரும் இரண்டு குடும்பமும்

முதலில் "பார்க்கிங்" படத்தை எடுத்துக் கொள்வோம். 2023 டிசம்பரில் வந்தது. ராம்குமார் பாலகிருஷ்ணன் டைரக்டு செய்தார்.

கதை என்ன? ஒரே கட்டிடத்தில் இரண்டு குடும்பங்கள் குடி இருக்கின்றன. மேலே ஒரு குடும்பம். கீழே ஒரு குடும்பம். கார் நிறுத்த ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் கார்! சண்டை தொடங்கி விடுகிறது.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிது அல்ல. சிலருக்குத் தண்ணீர்க் குழாய். சிலருக்குத் துணி காயப் போடும் கொடி. இந்தப் படத்தில் கார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்.எஸ்.பாஸ்கரும் ஹரிஷ் கல்யாணும் மோதுகிறார்கள். யார் பக்கம் நியாயம்? முதலில் ஒருவர் பக்கம் தெரிகிறது. பிறகு மற்றவர் பக்கம் தெரிகிறது. கடைசியில் இருவர் பக்கமும் இல்லை என்று தெரிகிறது!

இந்தப் படத்துக்கு 71-வது தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது கிடைத்தது. திரைக்கதைக்கும் கிடைத்தது. எம்.எஸ்.பாஸ்கர் சிறந்த துணை நடிகர் விருது பெற்றார். சின்ன விஷயத்தையும் பெரிய படமாக எடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

சொந்த வீட்டுக் கனவு

2025 ஜூலையில் "3 பிஎச்கே" என்ற படம் வந்தது. மூன்று படுக்கை அறை கொண்ட சொந்த வீடு வாங்க ஆசைப்படும் ஒரு குடும்பத்தின் கதை. ஸ்ரீ கணேஷ் டைரக்‌ஷன்.

அப்பாவாக சரத்குமார். அம்மாவாக தேவயானி. 1997-ல் "சூரியவம்சம்" படத்தில் இதே ஜோடியைப் பார்த்தோமே! அப்போது கைதட்டிய இளைஞர்களில் பலர் இப்போது வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்கள்.

வீட்டுக்காகப் பணம் சேர்க்கிறார்கள். சேர்த்த பணம் மகனின் படிப்புக்குப் போகிறது. மறுபடியும் சேர்க்கிறார்கள். மறுபடியும் ஒரு செலவு வருகிறது. வீடு தள்ளித் தள்ளிப் போகிறது.

படம் பார்க்கும்போது பலர் தங்கள் வீட்டு வரவு-செலவை மனதுக்குள் கணக்குப் போட்டு இருப்பார்கள்.

1988-ல் பாலு மகேந்திரா "வீடு" என்ற படத்தை எடுத்தார். சொந்த வீடு கட்ட ஒரு பெண் படும் பாடுதான் கதை. இடையில் முப்பத்தேழு ஆண்டுகள் ஓடி விட்டன. நடுத்தரக் குடும்பத்தின் கவலை மட்டும் மாறவில்லை!

அதே 2025 ஜனவரியில் வந்த "குடும்பஸ்தன்" படமும் பணக் கவலைதான். கோவையில் நடக்கும் கதை. மணிகண்டன் கதாநாயகன். காதல் கல்யாணம் செய்து கொள்கிறான். வேலை போய் விடுகிறது. அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக் கடன் வாங்குகிறான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சொந்த அனுபவமும் கலந்து இருந்தது.

அக்கம் பக்கம்

2025 மே மாதம் முதல் தேதி வந்த படம், "டூரிஸ்ட் ஃபேமிலி". டைரக்டர் அபிஷன் ஜீவிந்த் இளைஞர். இதுதான் அவருக்கு முதல் படம். அதே நாளில் சூர்யாவின் "ரெட்ரோ" படமும் வந்தது. பெரிய படத்தோடு போட்டி போட்டு இந்தச் சின்னப் படம் பிழைக்குமா என்று பலர் சந்தேகப்பட்டு இருக்கலாம். நன்றாகவே பிழைத்தது!

இலங்கையில் பொருளாதாரம் சீர்குலைந்ததால், ஒரு தமிழ்க் குடும்பம் படகில் ராமேசுவரம் வருகிறது. பிறகு சென்னையில் ஒரு வாடகை வீட்டில் குடி ஏறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன்-மனைவி.

"யாரோடும் பேசாதீர்கள். பேச்சை வைத்தே கண்டுபிடித்து விடுவார்கள்" என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. ஆனால், அவர்களால் பேசாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் போய் நிற்கிறார்கள். அந்தத் தெருவில் அதுவரை ஒருவரை ஒருவர் யார் என்று கேட்டது இல்லை. இந்தக் குடும்பம் வந்த பிறகு தெரு ஒன்று சேருகிறது.

நாமும் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். எதிர் வீட்டுக்காரர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமனாரும் மருமகனும்

2024 செப்டம்பர் மாதத்தில், அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு நல்ல படங்கள் வந்தன.

ஒன்று, "லப்பர் பந்து". தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். கிராமத்துக் கிரிக்கெட்தான் களம். "அட்டகத்தி" தினேஷ் பந்தை அடிப்பதில் சூரர். ஹரிஷ் கல்யாண் பந்து வீசுவதில் சூரர். இருவருக்கும் பகை. ஹரிஷ் கல்யாண் காதலிக்கும் பெண், தினேசின் மகள்! பிறகு கேட்க வேண்டுமா?

கிரிக்கெட் தெரியாத தாய்மார்களும் இந்தப் படத்தை ரசித்தார்கள். காரணம், சுவாசிகா நடித்த மனைவி பாத்திரம். வேலையைப் போட்டு விட்டு விளையாடப் போகும் கணவனை அந்த மனைவி சும்மா விடுவது இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஒருவனைச் சாதி பார்த்து ஒதுக்குவதையும் இந்தப் படம் தைரியமாகச் சொல்லியது.

இன்னொன்று, "மெய்யழகன்". பிரேம்குமார் டைரக்டு செய்த படம். தஞ்சாவூரில் சொந்த வீட்டை இழந்து ஊரை விட்டுப் போன ஒருவர், பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். அவர் அரவிந்த்சாமி. அங்கே ஓர் உறவுக்காரர் ஓடி ஓடி உபசரிக்கிறார். அவர் கார்த்தி. ஆனால், அந்த உறவுக்காரரின் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை!

நம் வீட்டுக் கல்யாணங்களில் நாமும் இப்படி விழித்தது உண்டு அல்லவா? இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக் கண் கலங்க வைத்து விட்டார்கள்.

பெரிய நடிகர்கள்

"அப்படியானால் பெரிய நடிகர் படம் எல்லாம் மோசமா?" என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல படங்கள் இருக்கின்றன.

2024 தீபாவளிக்கு வந்த "அமரன்" பெரிய படம்தான். காஷ்மீரில் 2014 ஏப்ரல் மாதத்தில் உயிர்த்தியாகம் செய்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கைக் கதை. சிவகார்த்திகேயன் நடித்தார். துப்பாக்கிச் சண்டை நிறைய உண்டு. ஆனால், எனக்கு மறக்காமல் இருப்பது, டெலிபோன் எப்போது வரும் என்று காத்து இருக்கும் மனைவியின் முகம். மனைவியாக நடித்தவர் சாய் பல்லவி. போர்க்களத்துக் கதைக்குள்ளும் ஒரு வீடு இருந்தது. அதனால்தான் அழுதோம்.

2023 ஆகஸ்டில் வந்த ரஜினிகாந்தின் "ஜெயிலர்" படத்திலும் வீடு இருந்தது. பேரனோடு விளையாடும் தாத்தா. மகன் தவறு செய்தால் தகப்பன் என்ன செய்வான் என்ற கேள்வி. அது பலமான கதை. ஆனால், தலையை வெட்டும் காட்சிகளும் அதே படத்தில் இருந்தன. அப்போது கண்ணை மூடிக் கொண்ட தாய்மார்கள் எத்தனையோ பேர்!

2025 ஆகஸ்டு 14-ந்தேதி "கூலி" வந்தது. லோகேஷ் கனகராஜ் டைரக்டு செய்தார். ரஜினிகாந்த் திரைக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைவு பெற்ற நேரம். தமிழ்நாடே கொண்டாட வேண்டிய படம். ஆனால், அந்தப் படத்துக்கு "ஏ" சான்றிதழ். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை!

அதை ஏற்றுக் கொண்டு படத்தை வெளியிட்டார்கள். பிறகு, "யு.ஏ." சான்றிதழ் கேட்டுச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட்டு மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதே ரஜினிகாந்த் 1979-ல் "ஆறிலிருந்து அறுபது வரை" படத்தில் நடித்தார். தம்பி தங்கைகளுக்காக உழைத்து ஓடாகத் தேய்ந்த அண்ணனாக வந்தார். வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து அழுத படம் அது. ரஜினிகாந்தை முதலில் வீட்டுக்குள் அழைத்துக் கொண்டவர்கள் குழந்தைகளும் தாய்மார்களும்தான். அவருடைய பொன்விழாப் படத்துக்குக் குழந்தைகள் போக முடியவில்லை. அதுதான் என் வருத்தம்.

ரத்தம் மட்டுமா குற்றம்?

ரத்தம் காட்டினாலே தவறு என்று நான் சொல்லவில்லை. 2024-ல் வந்த "மகாராஜா" படத்திலும் கொடுமை உண்டு. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். காணாமல் போன குப்பைத் தொட்டியைத் தேடிப் போலீஸ் நிலையத்துக்குப் போகும் ஒரு முடி திருத்தும் தொழிலாளி. அந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகப்பனின் துயரம் இருக்கிறது. அந்தப் படத்தில் அடி விழும்போது நாம் விசில் அடிப்பது இல்லை. நெஞ்சு கனக்கிறது.

2023-ல் வந்த "சித்தா" படமும் அப்படித்தான். குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைப் பற்றிய படம். பெற்றோர்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

கொலையைக் கண்டு மனம் பதறினால் அது வேறு. பத்துப் பேரை வெட்டும்போது பின்னணி இசை முழங்கி, "கைதட்டு, கைதட்டு" என்று நம்மைத் தூண்டினால், அதுதான் ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்து இருக்கும் ஏழு வயதுப் பையனும் கைதட்டுகிறான் அல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

டிக்கெட் வாங்கும் முன் சான்றிதழைப் பாருங்கள். "யு" என்றால் எல்லோரும் பார்க்கலாம். "ஏ" என்றால் பெரியவர்கள் மட்டும். 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, "யு.ஏ." என்பதை மூன்றாகப் பிரித்து இருக்கிறார்கள். 7 வயது, 13 வயது, 16 வயது. சான்றிதழில் உள்ள வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்தப் படம் ஏற்றதா என்று பெற்றோர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தியேட்டர் வாசலில் குழந்தையைத் தடுக்க ஆள் உண்டு. வீட்டில்? ஆகஸ்டு 14-ந்தேதி வந்த "கூலி", செப்டம்பர் 11-ந்தேதியே செல்போனில் பார்க்கும்படி வந்து விட்டது. நான்கே வாரம்! வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தை, கட்டிலில் படுத்தபடி அதே படத்தைப் பார்க்கலாம். அங்கே காவல்காரர் நாம்தான்.

குறைகளும் உண்டு

குடும்பப் படம் என்றால் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். "மெய்யழகன்" ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது. வெளிவந்த பிறகு சுமார் பதினெட்டு நிமிடக் காட்சிகளைக் குறைத்தார்கள். "3 பிஎச்கே" படத்தில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வருகிறது. ஒரு கட்டத்தில், "போதும் சாமி!" என்று தோன்றுகிறது. "டூரிஸ்ட் ஃபேமிலி" படத்தில் எல்லோரும் சீக்கிரமே நல்லவர்கள் ஆகி விடுகிறார்கள். நிஜத் தெருவில் அவ்வளவு சீக்கிரம் நடக்காது!

ஆனாலும், இந்தக் குறைகளை மன்னித்து விடலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளி கொஞ்சம் அதிகமாகப் பேசினால் நாம் கோபிப்பது இல்லை அல்லவா?

"வீட்டுக் கதையைத்தான் டெலிவிஷன் தொடரில் தினமும் பார்க்கிறார்களே! தியேட்டருக்கு யார் வருவார்கள்?" என்று சில பட அதிபர்கள் கேட்கலாம். "லப்பர் பந்து", "டூரிஸ்ட் ஃபேமிலி" படங்களுக்கு வந்த கூட்டமே அதற்குப் பதில்.

பட அதிபர்களே! உங்கள் கதாநாயகன் நூறு பேரை அடிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்து விட்டு அவன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறான்? அங்கே யார் சோறு போடுகிறார்கள்? அதையும் காட்டுங்கள்.

அப்போது தாத்தா முதல் பேரன் வரை நாங்கள் எல்லோரும் வருகிறோம். சோளப்பொரிச் செலவையும் பொறுத்துக் கொள்கிறோம்!