முயல் எந்தத் தமிழில் பேசும்?

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற அவுஸ்திரேலியச் சட்டம் 2025 டிசெம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிள்ளைகள் எதைப் பார்க்கக் கூடாது என்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் நாம், அவர்களுக்குப் பார்க்க எதைக் கொடுத்தோம் என்று கேட்பதேயில்லை. தடைக்கு ஒரு சட்டம் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு அரைமணி நேரக் கார்ட்டூனை அதன் வீட்டு மொழியில் கொடுக்க ஒரு தயாரிப்பாளர் வேண்டும். சட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். நான் அந்தத் தயாரிப்பாளரைப் பற்றி எழுதுகிறேன்.

கொழும்பின் சுதந்திர சதுக்கத்தில்தான் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி இருக்கிறது. 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அந்த நிலையத்தில் சிங்கள டப்பிங்கை ஒரு கலையாகவே வளர்த்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) படத்துக்கு எடிட்டிங் செய்தவர். ‘ஹந்தயா’ என்ற சிறுவர் படத்தை இயக்கியவர். பக்ஸ் பனி அவரிடம் வந்து ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது. டொக்டர் டூலிட்டில், நல்ல மனசுள்ள டொக்டர் என்று பொருள்படும் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆனார். பெயரிலிருந்தே அவர் மாற்றத்தைத் தொடங்கினார். முயலும் டொக்டரும் சிங்களக் கிராமத்துப் பேச்சின் நெளிவு சுளிவுகளோடு பேசினார்கள். அதனால்தான் 2011 இல் அவர் காலமான பிறகும் அந்தப் பெயர்கள் சிங்கள வீடுகளில் வாழ்கின்றன. இவருக்கு இணையாக ஒரு தமிழ்ப் பெயரை நம்மால் எடுத்த எடுப்பில் சொல்ல முடிகிறதா?

டப்பிங்கை மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்கள் பாத்திரத்தின் வாயைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘கம்’ என்று கூப்பிடும் கரடியின் வாய் ஒரு தரம் திறந்து மூடும். அதற்கு ‘வாருங்கள்’ என்று எழுதிக்கொடுத்தால் வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ‘வா’ என்றால் கச்சிதமாகப் பொருந்தும். மரியாதை வேண்டிய இடத்தில் ‘வாங்கோ’ என்று சமாளிக்கலாம். எழுத்துத் தமிழ் அந்த வாய்க்குள் அடங்காது, பேச்சுத் தமிழ்தான் அடங்கும். எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் பொது. பேச்சுத் தமிழுக்கோ ஓர் ஊர் உண்டு. 2007 இல் சென்னையின் சிறுவர் அலைவரிசையான சுட்டி டிவி வந்தபின் டோராவும் ஜாக்கி சானும் சென்னையின் பேச்சில் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அந்தக் குரல் கலைஞர்களின் உழைப்பு பெரியது. தமிழில் கார்ட்டூன் பார்க்கும் இன்பத்தை நம் பிள்ளைகளுக்கும் தந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் திரையில் யாரும் கதிரையில் இருப்பதில்லை, தோடம்பழம் உரிப்பதில்லை, ஒரு பூவைப் பார்த்து வடிவு என்று சொல்வதில்லை. அம்மம்மாவின் வாயில் மட்டும் கேட்டு, தனக்குப் பிடித்த முயலின் வாயில் ஒருநாளும் கேளாத சொல்லைப் பிள்ளை மெல்ல மெல்லக் கீழே வைத்துவிடும்.

தமிழ் ஒன்றுதானே, இதில் ஏன் பிரிவினை என்று கேட்பார்கள். சென்னைப் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் நம்முடையதும் கேட்கட்டும் என்கிறேன். சந்தை சிறிது, காசுக்கு எங்கே போவது என்பது கனமான கேள்வி. ஆனால் டப்பிங்கில் படமும் இசையும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. உரிமத்துக்கு மேலே தேவைப்படுவது ஒரு ஒலிப்பதிவு அறை, நல்ல வசனம், சில குரல்கள். ஒருமுறை செய்தால், ஒளிபரப்பு உரிமை இருக்கும்வரை புதிது புதிதாக வரும் ஐந்து வயதுக்காரர்களுக்குத் திரும்பத் திரும்பப் போடலாம். அவர்களுக்கு எதுவும் பழசில்லை. இலங்கைத் தமிழ் என்றால் யாருடைய தமிழ், யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, முஸ்லிம்களுடையதா என்ற கேள்விதான் இவற்றில் நியாயமானது. இதற்கு நம் வானொலி எழுபதுகளிலேயே விடை சொல்லிவிட்டது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலி நாடகத்தில் மரைக்காராக ராம்தாஸும், அப்புக்குட்டியாக ராஜகோபாலும், உபாலியாகச் செல்வசேகரனும் ஆளுக்கொரு பேச்சில் பேசினார்கள். முஸ்லிம் வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் சிங்களவர் பேசும் தமிழும் ஒரே நாடகத்தில் ஒலித்தன. நேயர்கள் குழம்பவில்லை, வரவேற்பைப் பார்த்து 1976 இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பின் படிக்கட்டிலும் கொட்டாஞ்சேனைத் தெருவிலும் பிள்ளை தினமும் கேட்பது இந்தக் கலவையைத்தான். கரடிக்கு மட்டக்களப்பும் பூனைக்கு மலையகமும் கொடுக்கலாம். எந்த ஊர்ப் பேச்சும் சிரிப்புக்கோ வில்லனுக்கோ மட்டும் ஒதுக்கப்படாமல், கதாநாயகனின் வாயிலும் முறை வைத்து வரவேண்டும். அந்த நியாயத்தைக் காப்பதும் தயாரிப்பாளரின் வேலைதான்.

நேத்ராவும் வசந்தமும் அரச தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகள். இலாபத்தை மட்டும் பார்த்து நடக்க வேண்டியவை அல்ல. அவற்றின் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல: வாரத்துக்கு அரைமணி நேரம், ஓர் அறை, பிள்ளைகளின் காதை அறிந்த ஒரு தயாரிப்பாளர். வாசகர்களே, நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள். நம் வீட்டுப் பேச்சைப் பேசும் ஒரு முயலை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தடைகளைப் பற்றிப் பேசுவோம்.