ரசீது தராத வீடு

"வாடகையைப் பணமாகவே கொடுத்துவிடுங்கள், ரசீது, பான் எண் என்றெல்லாம் கேட்கக் கூடாது." சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பழகிப்போன நிபந்தனை இது. ஐயம் எழுகிறது, "அவர் வரி கட்டாவிட்டால் நமக்கென்ன?" என்று உடனே அடங்கியும் விடுகிறோம்.

அந்த 'நமக்கென்ன'தான் பிழை. பழைய வரிமுறையில் வீட்டுவாடகைப் படிக்கு விலக்குக் கோரும் ஊழியர், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தந்தாக வேண்டும். 2013 முதல் இதுவே நடைமுறை. எண் இல்லையேல் விலக்கும் இல்லை. வாடகை வாங்கியவர் ஒளிந்துகொள்ள, கொடுத்தவர் வரி செலுத்துகிறார்.

சட்டம் உரிமையாளரை நசுக்குகிறதா? இல்லை. அவர் செலுத்திய சொத்துவரியைக் கழித்து, எஞ்சும் வாடகையிலும் 30 விழுக்காட்டைச் செலவுக் கணக்கே கேட்காமல் தள்ளுபடி செய்கிறது. அந்த ஒரு வாடகையை மட்டுமே நம்பி வாழும் முதியவருக்குப் பெரும்பாலும் வரியே வராது. அவர் அஞ்சவேண்டியதில்லை; அஞ்சுபவர் யார் என்பதை நாமே ஊகிக்கலாம்.

வாடகையை வங்கி வழியே செலுத்துவோம், ரசீது கேட்போம். கேட்பவர் ஒருவரென்றால் காலி செய்யச் சொல்லலாம். எல்லோரும் கேட்டால், பிறகு யாரைக் குடிவைப்பார்?