கடல் கடந்து ஏறும் படிகள்

ஆண்டின் முதலாந் தவணை பிறந்துவிட்டால் தீவகத்துப் பள்ளிக்கூட மைதானங்களிற் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடும். இல்லங்களுக்குக் கொட்டில்கள் எழும். தென்னோலையும் வண்ணத்தாளும் கொண்டு பிள்ளைகள் அவற்றை அலங்கரிப்பர். அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் நிறைவெய்தியபின் ஓட்டமும் பாய்ச்சலும் தொடங்கும். அன்று மாலை பதக்கத்தோடு வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கேட்பது ஒன்றுண்டு: "அடுத்தது எங்கே?" கேள்வி சிறிது, விடையோ பலருக்கும் முழுமையாகத் தெரிவதில்லை. ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

இல்லப் போட்டியில் வென்ற பிள்ளை பள்ளிக்கூடத்தின் பெயரால் வெளியே செல்கிறது. முதலிற் கோட்ட மட்டம். அதன்பின் வலய மட்டம். அதற்கும் மேலே மாகாணம். கடைசியில் அகில இலங்கை. ஒவ்வொரு படியிலும் முன்னணி இடம் பெற்ற சிலரே மேலே செல்வர். ஏனையோர் வீடு திரும்புவர். 12, 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் எனப் பிள்ளைகள் இப்போது பிரிக்கப்படுகின்றனர். ஈராண்டுக்கொரு பிரிவு என்பதால், பிரிவிற் புதிதாக நுழையும் பிள்ளை தன்னினும் ஓராண்டு மூத்தோருடன் மோதவேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு முதலிடம் பெற்ற மகன் இவ்வாண்டு ஐந்தாம் இடத்துக்கு இறங்கினானாயின், அவன் சோம்பிவிட்டான் என்று தந்தையார் உடனே சினந்துகொள்ள வேண்டியதில்லை. பிறந்த ஆண்டை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

இப்படிகளெல்லாம் காகிதத்தில் ஒரே உயரமுள்ளவை. தீவகத்துப் பிள்ளைக்கோ அவற்றிற் சில கடலால் ஆனவை. வேலணைப் பிள்ளை பஸ் வண்டியேறிப் பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம் வந்துவிடலாம். அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகள் படகேறி ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். நயினாதீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குக் கால்மணி நேரத்து ஓட்டம். நெடுந்தீவிலிருந்து அதே துறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். அதன்பின் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து நகரம் வரையிற் பஸ் பயணம். சோளகம் எழும் மாதங்களில் அந்த ஒரு மணிநேரம் என்ன பாடுபடுத்தும் என்பதைப் படகிற் பயணஞ் செய்தோரே அறிவர். இரவு கண்விழித்து, அலையில் உலைந்து, வயிற்றைக் குமட்ட வந்திறங்கும் சிறுமியொருத்தி, காலையில் வீட்டிற் பாணும் பாலுந் தின்று மைதானத்துக்கு நடந்துவந்த நகரத்துச் சிறுமியின் அருகே நின்று 100 மீற்றர் ஓடுகிறாள் என்றால், அங்கே ஓட்டத்தை மட்டுமா அளக்கின்றோம்?

இஃது ஒருபுறம் நிற்க. கடலினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. அதனை விளக்குதற்கு வேறொரு விளையாட்டின் பக்கம் வாசகர்களைச் சற்றே அழைத்துச் செல்கின்றோம். அதுவே ஜிம்னாஸ்டிக் எனப்படும் சீருடற்பயிற்சி.

பெண்களுக்கு அதில் நான்கு துறைகள்: தாண்டுமேடை, சமனற்ற இரு சட்டங்கள், சமநிலைச் சட்டம், தரைப் பயிற்சி. சமநிலைச் சட்டத்தின் அகலம் 10 சென்ரிமீற்றர் மாத்திரமே. 5 மீற்றர் நீளமுள்ள அச்சட்டத்தின்மேல், நிலத்திலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில், பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் இப்பயிற்சியைப் பத்து நிலைகளாக வகுத்திருக்கின்றனர். முதல் ஐந்து நிலைகளிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பயிற்சியைச் செய்தல்வேண்டும். ஆறாம் நிலை முதற் பிள்ளைக்கேற்பப் பயிற்சியை அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துறைக்கும் பத்துப் புள்ளி, நான்குக்கும் நாற்பது. குறித்த சில நிலைகளைக் கடந்து மேலே செல்ல இத்தனை புள்ளி வேண்டுமென்று முன்னரே வரையறுத்துள்ளனர். அப்புள்ளியை எட்டிய பிள்ளை, போட்டியிற் பத்தாம் இடம் பெற்றிருந்தாலும் மேலே செல்லலாம். எட்டாத பிள்ளை முதலாம் இடம் பெற்றிருந்தாலும் மறுபடியும் முயலவேண்டியதுதான்.

ஆக, பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் அரிதட்டு இருவகைப்படும். ஒன்று அளவைப் பார்ப்பது. மற்றையது இடத்தைப் பார்ப்பது. நம் பள்ளிக்கூட மெய்வல்லுநர் போட்டிகள் பெரும்பாலும் இரண்டாவதைக் கைக்கொள்வன. ஒரு சிறிய வலயத்தில் நீளம் பாய்தலில் ஒரு மாணவி 4 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வலயமொன்றில் வேறொருத்தி 4.5 மீற்றர் பாய்ந்தும் நான்காம் இடத்தில் நிற்கிறாள். முன்னவள் மாகாணத்துக்குப் போகிறாள்; பின்னவள் வீட்டிலிருக்கிறாள். இது நீதியா என்று பெரிய வலயத்தார் கேட்பின், அக்கேள்வியை நாம் இகழ்வதற்கில்லை.

ஆயினும் நாம் இடமுறையை ஒழித்துவிடுக என்று சொல்லமாட்டோம். தீவகம் ஒரு காலத்திற் பிள்ளைகள் நிறைந்த நிலம். 1990, 1991 ஆண்டுகளில் இடம்பெயர்ந்து போனவர்களிற் பலர் திரும்பி வரவில்லை. கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் தீவகத்தாரின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தெந்த மைதானங்களிலோ ஓடுகின்றனர். ஊரில் எஞ்சிய பள்ளிகள் சிலவற்றில் ஓர் அஞ்சலோட்ட அணி சேர்ப்பதே உடற்கல்வி ஆசிரியருக்குப் பெரும்பாடு. அளவு ஒன்றையே நோக்கி வாயிலை அடைத்தால், இத்தகைய ஊரின் பிள்ளை பெரிய மைதானத்தைக் கண்ணாற் காணாமலே பள்ளிப் பருவத்தைக் கழித்துவிடும். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையிலிருந்து முதன்முதலாகச் சீருடற்பயிற்சியிற் பங்குபற்றிய மில்கா கெஹானி, ஆசியக் கண்டத்துக்கென ஒதுக்கிய இடத்தினாலேயே அங்கு சென்றார். அப்போது அவருக்கு வயது 18. புள்ளிகளை எண்ணியே வாழும் அவ்விளையாட்டின் உச்சியிற்கூட, வசதி குறைந்த நாடுகளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றனர்.

எனில், தீவகப் பிள்ளைக்கு நேரும் நுட்பமான இடர் யாது? அது தனியே வெல்லுவது. போட்டிக்கு ஆள் குறைந்த மைதானத்திற் பத்து மீற்றர் முன்னே ஓடி வெல்லும் சிறுவன், தான் விரைவாக ஓடினானா, ஏனையோர் மெதுவாக ஓடினரா என்பதை அறியான். கைதட்டல் இரண்டுக்கும் ஒன்றுதான். சில மாதங்களின் பின் யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் எட்டுப் பேரில் எட்டாவதாக வரும்போதே அவனுக்கு உண்மை தெரிகிறது. அந்த அதிர்ச்சியில் ஓட்டத்தையே விட்டுவிடுகிற பிள்ளைகளை நினைத்தால் நமக்கு மனம் பொறுக்கவில்லை.

இதற்கு மருந்து பெருஞ்செலவுடையதன்று. உயரம் பாய்பவனைப் பாருங்கள். அவன் தனியே பாய்ந்தாலும் அவனுக்கு எதிராளி உண்டு. அந்தக் குறுக்குத் தடிதான். அது நெடுந்தீவிலும் ஒரே உயரம். டோக்கியோவிலும் ஒரே உயரம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நா. எதிர்வீரசிங்கம் 1952இல், தமது 17ஆம் வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு அப்போட்டிகளின் முதலாவது தங்கத்தைக் கொணர்ந்தார். 2024இல் அவர் மறைந்தபோது பழைய மாணவர்கள் பலர் அந்த அளவைத்தான் முதலில் நினைவுகூர்ந்திருப்பர்.

ஓடுபவனுக்கும் எறிபவனுக்கும் அத்தகைய தடி ஒன்று வேண்டும். எனவே இல்லப் போட்டியிலேயே நிறுத்தற் கடிகாரத்தின் செக்கன்களையும் அளவு நாடாவின் மீற்றர்களையும் பிள்ளையின் பெயரோடு எழுதிக் கொடுக்கும்படி ஆசிரியர்களை வேண்டுகின்றோம். "முதலாம் இடம்" என்று மட்டும் பொறித்த சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கு அழகியது, பயிற்சிக்கு உதவாது. சென்ற ஆண்டு மாகாணத்தில் மூன்றாம் இடம் பெற்றவரின் அளவு யாது என்பதையும் வலயத்தார் பள்ளிகளுக்கு எழுதியனுப்பலாம். அதனைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துவிட்டால், நயினாதீவில் தனியே ஓடும் பிள்ளைக்கு அருகே இன்னொருவர் ஓடத் தொடங்கிவிடுவார்.

கோலூன்றிப் பாய்தலைப் பற்றி ஒரு வார்த்தை. சீருடற்பயிற்சிக்கு மிக நெருங்கிய உறவுடைய இத்துறையிற் குடாநாட்டுப் பிள்ளைகள் நாடறியப் பெயர் பெற்றுள்ளனர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரனும் சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரனும் தேசிய சாதனைகளைப் புதுப்பித்தவர்கள். அதற்கு நீண்ட கோலும் தடித்த மெத்தையும் வேண்டும். அவற்றைப் படகிலேற்றித் தீவுக்குக் கொண்டுபோவது எளிதன்று என்பர். அரிசி மூடையும் சீமெந்தும் மோட்டார்ச் சைக்கிளும் போகிற படகில் ஒரு கோல் போகாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

பெற்றோருக்குச் சொல்லவேண்டுவது பயணத்தைப் பற்றியதே. போட்டி நாளன்று காலைப் படகை நம்பி இருக்கவேண்டா. முதல்நாள் மாலைக்குள் பிள்ளையைக் கரையில் சேர்த்துவிடுங்கள். நகரத்தில் உறவினர் வீடில்லாதோருக்குப் பள்ளிக்கூட மண்டபமொன்றிற் பாயும் சோறும் ஏற்பாடு செய்யப் பழைய மாணவர் சங்கங்கள் முன்வரலாம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் வெற்றிக் கிண்ணங்கள் நிறைய வாங்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டைக் குறைத்தாற் பத்துப் பிள்ளைகளுக்கு இரவு உணவும் ஒரு நல்ல உறக்கமும் கிடைக்கும்.