வாலமன் நீர்வீழ்ச்சியருகே ஓரிரவு

சென்ற ஈஸ்ரர் விடுமுறையில் ரவுன்ஸ்வில் நகரிலும் அதன் அயலிலும் வதியும் நம்மவர் குடும்பங்கள் ஐந்து ஒன்றுகூடி, வாலமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்து, அங்குள்ள காட்டுப் பூங்காவில் ஓரிரவு தங்கி மீண்டோம். பயணக் கட்டுரை எழுதும் எண்ணம் நமக்கு முதலில் இருக்கவில்லை. அவ்விரவில் நிகழ்ந்த சிறு விடயம் ஒன்றே இவ்வாரப் பத்தியை இத்திசையில் திருப்பியது.

வட குயின்ஸ்லாந்துக்கு நம்மவர் வந்து சேர்ந்த கதை வாசகர்கள் அறிந்ததே. தற்காலிக வீசாவுடன் இருந்தோர், பெருநகரங்களுக்கு வெளியே தொழில் செய்தால் வழி பிறக்கும் என்ற நிபந்தனையின் பேரில் இப்பகுதிகளுக்கு வந்தனர். 2023 பெப்ரவரியில் அரசு அறிவித்த மாற்றத்தின் பின்னர் அவர்களுட் பலருக்கு நிரந்தர வீசா கிட்டியது. கிட்டாதோரும் நம்மிடையே உளர். வந்து பத்தாண்டு கடந்தும் வேலைத்தலம், வீடு, கடை ஆகிய மூன்றுக்கும் அப்பால் இம்மாநிலத்தை நாம் பார்த்ததில்லை. பிள்ளைகள் விடாது நச்சரித்தமையால்தான் இப்பயணமே சாத்தியமாயிற்று.

ரவுன்ஸ்வில்லிலிருந்து வடக்கே இங்ஹம் என்னும் சிற்றூர். அங்கிருந்து மேற்கே கரும்புத் தோட்டங்களைக் கடந்து சுமார் 50 கிலோமீற்றர் சென்றால் நீர்வீழ்ச்சி. இக்கரும்பு வயல்களில் முதலில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் பசுபிக் தீவுகளிலிருந்து, பலர் ஏமாற்றப்பட்டும் கடத்தப்பட்டும், கொண்டுவரப்பட்ட மக்கள். 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவர்களிற் பெரும் பகுதியினர் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதை வண்டியிற் செல்கையில் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மலையேறும் பாதை ஒடுங்கியது, வளைவுகள் மிக்கது. ஆடுமாடுகளும் குறுக்கிடும். இருட்டுமுன் ஏறிவிடுவது நன்று.

ஸ்ரோனி ஓடை மலை விளிம்பிலிருந்து எங்கும் தடைப்படாது 268 மீற்றர் ஒரே வீழ்ச்சியாக விழுகின்றது. ஆண்டு முழுவதும் வற்றாது ஒரே தாவலில் விழும் நீர்வீழ்ச்சிகளுள் அவுஸ்திரேலியாவிலேயே உயரமானது இதுதான். நமது நாட்டின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியான பம்பரகந்த 263 மீற்றர். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த நம்மிற் சிலர் அதனையும் கண்டவர்களல்லர். இக்காடு 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கப்பட்ட ஈர வெப்பமண்டலக் காடுகளின் ஒரு பகுதி. நாம் அறிந்த பிரம்பின் இனமே இங்கும் மரங்களைப் பற்றி ஏறுகின்றது. உடையைக் கொழுவி இழுத்தால் நின்று, பின்வாங்கித்தான் விடுபடவேண்டும். இதய வடிவ இலைகொண்ட ஒரு செடியைத் தொடவே கூடாது. அதன் நுண்ணிய மயிர்கள் தோலில் ஏறினால் வேதனை மாதக்கணக்கில் நீடிக்கலாம். கசோவரி என்னும் ஆளுயரப் பறவையை நாம் காணவில்லை. பாதையில் அது விட்டுச் சென்ற, பழவிதைகள் நிறைந்த எச்சத்தையே கண்டோம். அதன் முட்டைகளை ஏறத்தாழ 50 நாட்கள் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவை என்று வாசித்துச் சொன்னபோது, நம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டதை இங்கு குறிப்பிடாதிருத்தல் நேர்மையன்று.

நம்முடன் கிளிநொச்சியிலிருந்து வருகையாளர் வீசாவில் வந்திருந்த ஓர் அம்மாவும் இருந்தார். 2012இல் படகேறிய மகனை இவ்வாண்டுதான் மீண்டும் கண்டவர். பேரப்பிள்ளைகள் இருவரும் அதுவரை அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுமே அறிந்திருந்தனர்.

முகாமிடும் இடத்தில் இளைஞர்கள் கூடாரங்களை விரித்தனர். முன்பதிவு செய்தமைக்கான அட்டையை மகன் கூடார வாசலில் கட்டினார். அம்மா அதனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தினை பேரெண்டு கணக்குக் குடுத்தனி தம்பி?”

“பதினெட்டுப் பேரம்மா.”

“எத்தினை நாளைக்குப் பதிஞ்சிருக்கு?”

“ஒரு இரவுக்குத்தான்.”

நாம் சிரித்தோம். சிரித்த பின்னரே நமக்கு உறைத்தது. 2009இல் இவ்வம்மா செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பல மாதங்கள் கூடாரத்தில் வாழ்ந்தவர். அங்கும் தலைக்கணக்கு இருந்தது. எத்தனை நாளைக்கு என்பதை எவரும் சொல்லவில்லை.

இடியப்பமும் சம்பலும் உண்டபின் பிள்ளைகள் உறக்கப் பைகளுக்குள் புகுந்தனர். அம்மா மட்டும் கூடாரத்தினுள் வரவில்லை. மடக்குக் கதிரையில் வெளியே அமர்ந்திருந்தார். குளிருகிறதே, உள்ளே வாருங்கள் என்று மருமகள் அழைத்தார். ஓடையின் சலசலப்பும் அப்பால் நீர் விழும் இரைச்சலும் இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்தன. நாம் பட்டணத்திலிருந்து தேடி வந்ததே அவ்வோசையைத்தான்.

“இந்த இரைச்சலுக்குள்ள வேற என்ன வந்தாலும் காதில விழாதே, பிள்ளை” என்றார் அவர்.

என்ன வரும் என்று பதினொரு வயதுப் பேத்தி கேட்டாள். மகன் பேச்சை மாற்ற முயன்றார். “அப்பம்மா சொல்லட்டும்” என்றாள் அவள். மாத்தளனில் தறப்பாளின் கீழ், பதுங்குகுழியின் வாயில் படுத்து, செவியைத் திறந்துவைத்தே உறங்கிய நாட்களை அம்மா சொன்னார். அதனை நாம் இங்கு எழுதப்போவதில்லை. அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார், பத்திரிகைக்குச் சொல்லவில்லை.

அதன்பின் பெரியவர்களிடையே தாழ்ந்த குரலில் ஒரு வாதம் நடந்தது. விடுமுறைக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு இது தேவைதானா என்றார் ஒருவர். வீட்டில் என்றைக்குச் சொன்னோம் என்று மற்றவர் கேட்டார். நாம் முதலாமவரின் பக்கமே நின்றோம். இப்போது அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை. பிள்ளைகள் அழவில்லை. பேத்தி எழுந்து தன் உறக்கப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவும் அவளும் வாகனத்தினுள், கண்ணாடிகளை இறக்கிவிட்டு உறங்கினர்.

காலையில் நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் மேடைக்குச் சென்றோம். இந்நிலத்தின் மரபுவழிச் சொந்தக்காரர்கள் வறகமை மக்கள். கீழேயுள்ள 20 மீற்றர் ஆழத் தடாகத்தில் வானவில் நாகம் உறைகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. வெயில் ஏறியபோது நீர்ப்புகையில் வானவில் தெரிந்தது. “எங்கட புளியம்பொக்கணை நாகதம்பிரான் மாதிரி” என்று கூறி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நம்முள் பகுத்தறிவு பேசும் நண்பர் ஒருவரும் கழற்றினார். கால் நனைந்ததனால் என்று பின்னர் விளக்கமளித்தார்.

தடாகத்துக்கு இறங்கி ஏறும் பாதை 3.2 கிலோமீற்றர். இறங்குவது எளிது, ஏறுகையில் நம் வயது தெரிந்தது. வழுக்கும் பாறைகளும் அட்டைகளும் உண்டு. நல்ல சப்பாத்தும் போதிய குடிநீரும் இன்றி எவரும் இறங்கவேண்டாம். தங்குவதற்கு இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்தல் கட்டாயம்.

அம்மாவின் வீசா அடுத்த மாதம் முடிகின்றது. அதற்குள் மீண்டும் ஒரு முறை செல்லவேண்டுமென்று பேத்தி கேட்டிருக்கிறாள். மகனுக்கு விடுப்புக் கிடைக்குமா என்பதே கேள்வி. கூடாரங்கள் நமது சங்க மண்டபத்தில் உள்ளன. தேவைப்படும் குடும்பங்கள் கேட்டுப் பெறலாம். ஒன்றின் கம்பி மட்டும் முறிந்திருக்கிறது.