‘உள்ளூர்க்காரர் மாதிரி வாழுங்கள்’: யாற்ற வீட்டில?

எங்களை வரவேற்றது ஒரு சின்ன இரும்புப் பெட்டி. கதவுக்குப் பக்கத்தில் செங்கல் சுவரில் அடித்திருந்தது. போனுக்கு வந்த நாலு இலக்கத்தை அமத்தினால் பெட்டி திறக்கும், உள்ளுக்குத் திறப்பு. மேலே ஏறினால் வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் கதிரை, மேசையில் பிளாஸ்ரிக் செடி, குசினியில் நாலு கோப்பை நாலு பீங்கான், கட்டிலில் சுருட்டி வைத்த துவாய்கள். மேசையிலிருந்த கொப்பியின் முதல் பக்கத்தில் ‘உள்ளூர்க்காரர் மாதிரி வாழுங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆறு இரவு இருந்தோம். அந்தக் கட்டடத்தில் ஒரு உள்ளூர்க்காரரையும் நாங்கள் காணேல்லை. எதிர்க் கதவிலும் அதே இரும்புப் பெட்டி, கீழ்க் கதவிலும் அதே.

ஊர் இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் இருக்கிற பரி சென்ற் எட்மண்ட்ஸ். போனது 2024 ஒக்ரோபரில். அங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற எங்கட தோழியைப் பார்க்கப் போனனாங்கள். நாலு பேருக்கு ஹொட்டலில் ரெண்டு ரூம் எடுக்கிற காசை விட ‘சேர்விஸ்ட் அபார்ட்மென்ட்’ மலிவு, சோறும் காய்ச்சலாம். அந்தக் கணக்கில்தான் பதிந்தோம். பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம், பிறகு ஒருத்தரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஊர் வடிவு, அதில் மறுப்பில்லை. 11ஆம் நூற்றாண்டில் மடாதிபதி போல்ட்வின் போட்ட நேர்நேரான தெருக்கள் இன்னும் அப்படியே கிடக்கு. மடத்தின் மேற்கு முகப்பு இடிந்து நிற்கிற கல்லுக்குள்ளேயே பிற்காலத்துச் சனம் வீடுகளைச் செருகிக் கட்டியிருக்கினம். ஒரு பெரிய வளைவுக்குள் யன்னலும் புகைபோக்கியும் இருக்கும், முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. புதனும் சனியும் சந்தை. 1799இல் தொடங்கின பியர் வடிசாலையின் மணம் ஒரு பக்கம், ஊருக்கு வெளியே சீனிக்கிழங்கு ஆலையின் வெள்ளை ஆவி இன்னொரு பக்கம். இலையுதிர் காலத்தில் கிழங்கு லொறிகள் ஓயாமல் ஓடும். இதெல்லாம் வேலை செய்கிற ஊரின் மணமும் சத்தமும். ஆனால் அபார்ட்மென்ட் விளம்பரத்தில் கிழங்கு லொறியைக் காணமாட்டீர்கள். ‘சரித்திரப் புகழ் வாய்ந்த சந்தை நகரம்’ என்ற நாலு சொல்லும் மடத்து இடிபாட்டின் படமும்தான் இருக்கும்.

சரித்திரத்தை விற்கிறவர்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் வாசித்தால் நல்லது. அந்தச் சந்தை யாற்ற சந்தை? மடத்தின்ர சந்தை. சுங்கம், கடை போடுகிற காசு எல்லாம் மடாதிபதியின் பெட்டிக்குத்தான் போனது. நகரத்தாருக்குத் தங்கட நகரத்தை ஆள உரிமை இல்லை. 1327இல் சனம் மடத்துக்குள் புகுந்து, துறவிகளைப் பிடித்து வைத்து, தங்கட உரிமைகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. வாசலையும் உடைத்தது. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படமெடுக்கிற அந்தப் பெரிய வாசல், அந்தக் கலகத்துக்குப் பிறகு மடம் திரும்பக் கட்டினது. அம்பு எய்கிற துவாரங்கள் அதில் இருக்கு, நகரத்துச் சனத்தைப் பார்த்தபடி. அந்த ஊரின் சரித்திரம் என்றால் இதுதான்: ஊரின் நிலத்தில் விளைகிற காசு ஊருக்கா, ஊரை வைத்திருக்கிறவருக்கா என்ற சண்டை. அது முடிஞ்சுபோன சண்டை என்று நினைக்கிறவர்கள் எங்கட தோழியைக் கேட்கலாம்.

அவள் மூன்று வருசம் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டை இன்னொரு தாதியோடு பங்கிட்டு வாடகைக்கு இருந்தாள். வாடகை ஒரு நாளும் பிந்தேல்லை. 2023இல் வீட்டுக்காரர் ரெண்டு மாத நோட்டீஸ் குடுத்தார். காரணம் சொல்லேல்லை, சொல்லத் தேவையும் இல்லை. ‘செக்ஷன் 21’ என்று அதற்கொரு பேர், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2025இல் நிறைவேறின வாடகைதாரர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் அது இல்லாமல் போகிறது. அவளுக்கு அது காலங்கடந்த நீதி. வேறு வீடு அந்த ஊரில் அவளின் சம்பளத்துக்குக் கிடைக்கேல்லை. இப்ப ஸ்ரோமார்க்கெற்றில் ஒரு அறை. ரயில் மணிக்கொன்று. பன்னிரண்டரை மணித்தியால வேலை முடிஞ்சு வந்து ஒரு நிமிசத்தால் ரயிலைத் தவறவிட்டால் பிளாட்போமில் இருக்க வேண்டியதுதான். சில மாதம் கழித்து பழைய வீட்டை இணையத்தில் கண்டிருக்கிறாள், இரவுக் கணக்கில் வாடகைக்கு. படத்தில் தொங்கினது அவள் வாங்கிப் போட்ட யன்னல் சீலை.

வீட்டுக்காரர் கெட்டவர் என்று சொல்லி இதை முடிச்சுப்போட நாங்கள் தயாரில்லை. அவருக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான். கணக்கைப் போட்டுக் குடுத்தது அரசாங்கம். 2017இலிருந்து படிப்படியாக, 2020இல் முழுசாக, சாதாரண வீட்டுக்காரர் வீட்டுக்கடன் வட்டியை வருமானத்திலிருந்து முழுசாகக் கழிக்கிற சலுகையை எடுத்தார்கள். குறுகிய காலத்துக்கு விடுகிற விடுமுறை வீடுகளுக்கு மட்டும் அந்தச் சலுகை 2025 ஏப்ரல் வரைக்கும் கிடந்தது. அதாவது ஒரு குடும்பத்தை வருசக் கணக்கில் குடிவைத்தால் வரி கூட, வார இறுதிக்கு வந்துபோகிறவரை வைத்தால் குறைவு. இன்னொன்று: விடுமுறை வீடு வருசத்தில் 140 இரவு வாடகைக்குத் திறந்திருந்து 70 இரவு உண்மையாகவே போனால் அது ‘வியாபாரம்’, கவுன்சில் வரி இல்லை. அந்த வியாபாரத்தின் மதிப்பீடு 12,000 பவுண்ட்ஸுக்குள் என்றால், வேறு இடம் இல்லாத சின்ன உரிமையாளர் வியாபார வரியும் கட்டத் தேவையில்லை. குப்பை எடுக்கிற, தெருவிளக்குப் போடுகிற செலவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு சதமும் வராது. பழைய காலத்தில் வெளியூரான் சந்தைக்குள் வந்தால் சுங்கமாவது கட்டினான். நாங்கள் ஆறு இரவு இருந்துவிட்டு அந்த நகரத்துக்கு என்று தனியாக ஒன்றும் கட்டாமல் வந்தோம். மன்செஸ்ரரில் 2023 ஏப்ரலிலிருந்து ஹொட்டல்காரரும் அபார்ட்மென்ட்காரரும் சேர்ந்து ரூமுக்கு இரவுக்கு ஒரு பவுண்ட் வாங்குகினம். வானம் இடிஞ்சு விழேல்லை.

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். ‘அரசனின் திருத்தலம், சட்டத்தின் தொட்டில்’ என்பதுதான் பரியின் நகர வாசகம். 1214இல் பிரபுக்கள் அங்கே கூடி, மன்னன் ஜோனை வழிக்குக் கொண்டுவரச் சத்தியம் செய்ததாக ஒரு கதை, அதை வைத்து. தொட்டில் இருக்கு, பிள்ளையைத்தான் காணேல்லை. லண்டனில் முழு வீட்டை வருசத்துக்கு 90 இரவுக்கு மேல் அனுமதியில்லாமல் இப்படி விட ஏலாது, 2015 சட்டம். லண்டனுக்கு வெளியே அந்த எல்லை இல்லை. ஹொட்டல் ஒரு வகுப்பு, குடியிருக்கும் வீடு இன்னொரு வகுப்பு என்று திட்டமிடல் விதி பிரிக்கிறது. இரும்புப் பெட்டி தொங்கவிட்ட வீடு இடையில் நிற்கிறது. ஒவ்வொரு வீடாக, எவ்வளவு மாறியிருக்கு என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேணும் என்று 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் சஃபோக் கரையோரத்து வீடொன்றைப் பற்றின வழக்குத்தான். ஒவ்வொரு வீடாகப் பார்க்கிறதுக்குக் கவுன்சிலில் ஆள் வேணுமே. பதிவேடு ஒன்று கொண்டுவரலாம் என்று 2023 சட்டம் சொல்கிறது. நாங்கள் தங்கேக்குள்ள அது வரேல்லை. எத்தனை வீடு இப்படிப் போனது என்று எண்ணவே வழியில்லாமல் எதைக் கட்டுப்படுத்துகிறது?

இதற்குப் பதில் சொல்கிறவர்களின் ஒரு வாதம் நியாயமானது. வெளியூரிலிருந்து மூன்று மாதத்துக்கு வருகிற டொக்டர், கட்டட வேலைக்கு வருகிற என்ஜினியர், லேக்கன்ஹீத் விமானத் தளத்துக்கு மாறி வந்து வீடு தேடுகிற அமெரிக்கக் குடும்பம், இவையள் எல்லாரும் ஹொட்டல் அறையில் பிள்ளை குட்டியோடு இருக்க ஏலாது. சரி. அதுக்கென்று கட்டின, அதுக்கென்று அனுமதி எடுத்த கட்டடம் இருந்தால் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. நாங்கள் கேட்கிறது, ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதம் வருகிறவருக்கு இடம் வேணும் என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியில் வருசக் கணக்கில் வேலை செய்கிறவளை ஊரைவிட்டு அனுப்புகிறது என்ன கணக்கு?

‘வேலைவாய்ப்பு’ என்ற வாதத்துக்கு எங்களிடம் மரியாதை இல்லை. வெளிக்கிட்ட அன்று சார்ஜரை மறந்துவிட்டோம். பத்து மணிக்குள் வெளியேற வேணும், பத்து இருபதுக்குத் திரும்பிப் போனோம். ஒரு அம்மாவும் ஒரு பெடியனும் விரிப்புகளை உரித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மணிக்கு அடுத்த ஆக்கள். அன்றைக்கு ஐந்து வீடு, காசு வீட்டுக் கணக்கில், மணித்தியாலக் கணக்கில் இல்லை என்று அந்த அம்மா சொன்னா. அடுப்பில் எங்கட பருப்புக் கறி வழிஞ்ச மஞ்சள் கறை. அதைத் தேய்க்கிற நேரத்துக்குத் தனிக் காசு இல்லை. நாங்கள் தேய்க்க வெளிக்கிட, “விடுங்கோ, நிண்டால் இன்னும் பிந்தும்” என்ற மாதிரி இங்கிலிசில் சொல்லிக் கையைக் காட்டினா. ‘சேர்விஸ்ட்’ என்றால் சேவை செய்கிறவர் உண்டு, ஆனால் கண்ணில் படக்கூடாது. ஹொட்டலில் அந்த அம்மாவுக்கு ஒரு மேலாளர், ஒரு சம்பளச் சீட்டு, உடுப்பு மாற்ற ஒரு அறையாவது இருக்கும். ஹொட்டல் முதலாளிமார் புனிதர்கள் என்று நாங்கள் எழுதேல்லை. சண்டை பிடிக்கிறதுக்கு ஒரு முகம் இருக்கு என்கிறோம். இரும்புப் பெட்டியோடு என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

வாற ஏப்ரலில் திரும்பப் போகிறோம். இந்த முறை அங்கே ஒரு பழைய சத்திரத்தில் ரெண்டு ரூம் பதிந்திருக்கிறோம். ஆளுக்கு இரவுக்குப் பதினெட்டு பவுண்ட்ஸ் கூட. சோறு காய்ச்ச ஏலாது. தோழி தான் சமைத்து ரயிலில் கொண்டு வாறன் என்றிருக்கிறாள். மீன் குழம்புப் பார்சலை உள்ளுக்கு விடுவினமோ தெரியாது, வாசலில் இருக்கிறவரைத்தான் கேட்கவேணும்.